சில்டாவியா என்ற கற்பனை நாடு எதற்கு? நிஜ நாட்டையே வரைந்தால் என்ன?

பழுப்புத்தாள்:
காமிக்ஸில் கற்பனை நாடு என்பது பெரும்பாலும் நழுவல்தான். பெல்ஜிய ஓவியர் எர்ஜேவின் காமிக்ஸ் நாயகன், நிருபர் டின்டின். அவனுடைய ‘நீலத் தாமரை’ 1934-35இல் வந்த கதை. 1931இல் சீனாவின் முக்டென் நகர் அருகே ஜப்பானியர்கள் தண்டவாளத்தில் குண்டு வைத்துவிட்டுச் சீனர்கள் மேல் பழி போட்டதை, நாட்டின் பெயர் சொல்லியே அதில் வரைந்தார் எர்ஜே. அடுத்த கதை ‘உடைந்த காது’. பொலிவியாவும் பராகுவேயும் மோதிய சாக்கோ போர்தான் அடிப்படை. ஆனால் நாடுகளின் பெயர் சான் தியோடோரஸ், நுவோ ரிக்கோ! அந்தத் துணிச்சல் எங்கே போனது?

வரைகோடு:
சில்டாவியா வரும் ‘ஓட்டோகார் மன்னரின் செங்கோல்’ டின்டின் கதைக்கும் அப்படிச் சொல்வீர்களா? 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தத் தொடர் தொடங்கியது. கதையில் சில்டாவியாவை விழுங்கப் பார்க்கிறது பக்கத்து நாடான போர்டூரியா. சதித் தலைவன் பெயர் முஸ்ட்லர். முசோலினி, ஹிட்லர் இரண்டு பேரும் அதற்குள் இருக்கிறார்கள். ஆஸ்திரியா என்றே எழுதியிருந்தால் டின்டின் ஜெயிக்க முடியாது, முடிவு ஊருக்கே தெரியும். சில்டாவியாவை மட்டும்தான் காப்பாற்ற முடியும். அப்புறம் கதைக்குள்ளேயே வரும் அந்தச் சில்டாவியச் சுற்றுலாக் கையேடு! மக்கள்தொகை 6,42,000, 1127இல் நடந்த போர், அதற்கொரு பழைய ஓவியம். இதையெல்லாம் படித்த பிறகு அந்த நாடு பறிபோவதை நம்மால் தாங்க முடிவதில்லை.

பழுப்புத்தாள்:
சரி, சில்டாவியாவை விட்டுவிடுகிறேன். மொழிக்கு வாருங்கள். சில்டாவிய மொழி பிரஸ்ஸல்ஸின் மரோல் வட்டார வழக்கு, மேலே ஸ்லாவிய வேஷம். ‘உடைந்த காது’ கதையில் வரும் அரும்பாயா என்ற கற்பனைப் பழங்குடிகள் பேசுவதும் அதே வழக்குதான். ஐரோப்பிய நாட்டுக்கு அரச பரம்பரை, வரலாறு, கையேடு எல்லாம் உண்டு. அமேசான் பக்கத்து மக்களுக்கு பிரஸ்ஸல்ஸ்காரர்கள் சிரிக்க ஒரு பேச்சு மட்டும். இது நியாயமா?

நிலாவாசி:
இதில் பழுப்புத்தாள் பக்கம்தான் நான். மார்வெலின் கற்பனை ஆப்பிரிக்க நாடான வகாண்டா 1966இல் காமிக்ஸில் வந்தது. பின்னாளில் படமாக்கியபோது தென்னாப்பிரிக்காவின் ஷோசா மொழியைப் பேச வைத்தார்கள். உயிருள்ள மொழி, அதைப் பேசும் மக்களுக்கும் பெருமை.

வரைகோடு:
அரும்பாயா விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், அங்கே அக்கறை குறைவுதான். ஆனால் ஷோசா எனக்குத் தீர்வாகத் தெரியவில்லை. யாருமே அடிமைப்படுத்தாத நாடு என்பதுதான் வகாண்டாவின் உயிர். ஷோசா மக்களோ காலனி ஆட்சியையும் நிறவெறியையும் அனுபவித்தவர்கள். அவர்கள் மொழியை எடுத்துக்கொண்டு அந்த வரலாற்றை மட்டும் எப்படிக் கழற்றி வைப்பது?

பழுப்புத்தாள்:
கழற்றி வைக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அந்த வரலாற்றையும் சேர்த்து வரையட்டும்.