உச்சா சேர்ல போறான், கக்காவுக்கு மட்டும் டயப்பர் கேக்குறான் (2 வயசு 10 மாசம்)

மருதாணி:

தோழிகளே, பையனுக்கு 2 வயசு 10 மாசம், 13 கிலோ. ஒரு மாசமா பகல்ல டயப்பர் கிடையாது. உச்சா வந்தா சொல்லிடறான், குழந்தைங்க உச்சா, கக்கா போறதுக்குன்னு இருக்கற பாட்டி சேர்ல உட்கார்ந்து போறான். (வீட்ல நிஜப் பாட்டியும் இருக்காங்க, குழப்பம் வேண்டாம், இனிமே வெறும் "சேர்"னே எழுதறேன்.)

கக்காதான் தகராறு. மூணு நாளைக்கு ஒரு தடவை, உருண்டை உருண்டையா, கெட்டியா. வரும்போது கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டு டயப்பர் கேப்பான். போட்டாதான் போவான். சேர்ல உட்கார வச்சா உடம்பை விறைச்சுக்கிட்டு அழறான். நடுநடுவுல ஜட்டியில கறை வேற. சாப்பாடு கொஞ்சம்தான், பால் ஒரு நாளைக்கு நாலு தடவை, தடவைக்கு 200 மில்லி.

மாமியார் வெற்றிலைக் காம்புல விளக்கெண்ணெய் தொட்டு வைக்கச் சொல்றாங்க. வைக்கலாமா? மே மாசம் ஊருக்குப் போறோம், அங்க இந்தியன் டாய்லெட்தான். ஜூன்ல ப்ரீகேஜி, டயப்பரோட சேர்த்துக்க மாட்டாங்களாம். அவங்க அப்பா நின்னுக்கிட்டு உச்சா போகப் பழக்கலாம்ங்கறார், அது எப்ப?

வேப்பம்பூ:

மருதாணி, இது பயிற்சிப் பிரச்சனை இல்லைங்க, மலச்சிக்கல். அதை முதல்ல சரி பண்ணாம சேர்ல உட்கார வைக்கறது வீண் சண்டை.

ஒரு தடவை கெட்டியா போய் வலிச்சிருக்கும். அடுத்த தடவை வரும்போது அடக்கியிருப்பான். உள்ளே தங்கற மலத்திலேர்ந்து குடல் தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், அதனால இன்னும் கெட்டியாகும், இன்னும் வலிக்கும். நுனிக்கால்ல நிக்கறது, காலைப் பின்னிக்கறது, முகம் சிவக்கறது இதெல்லாம் பார்த்தா முக்கறான்னு தோணும். அவன் முக்கல, வர்றதை உள்ள தள்ளி அடக்கிக்கிட்டிருக்கான். நல்லா கவனிங்க, புட்டம் ரெண்டும் இறுகியிருக்கும்.

ஜட்டியில வர்ற கறையும் அதே கதைதான். உள்ள கெட்டியா அடைச்சிருக்கறதைச் சுத்தி இளகினது கசியுது. அது அவனுக்குத் தெரியவே தெரியாது. அதனால திட்டாதீங்க. வயித்துப்போக்குன்னு நினைச்சு அதுக்கு மருந்து கொடுத்துடவும் கூடாது. மலக்குடல் நிரம்பி மூத்திரப்பையை அழுத்தினா உச்சாவும் சொட்ட ஆரம்பிக்கும், இப்ப பழகினதும் கெட்டுப்போகும்.

800 மில்லி பால் அதிகம். இந்த வயசுக்கு 400, மிஞ்சிப்போனா 500 போதும். பாலே வயித்தை நிரப்பிடறதாலதான் சாப்பாடு இறங்கல, நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் குறையுது. ஒரே நாள்ல வெட்டாதீங்க, ரெண்டு நாளைக்கு 100 மில்லி வீதம் குறைங்க. முதல்ல ராத்திரிப் பால். பாட்டில் இருந்தா அதையும் டம்ளருக்கு மாத்திடுங்க, அளவு தானா குறையும்.

பப்பாளி, நல்லா பழுத்த வாழைப்பழம் (மலைவாழை கிடைச்சா நல்லது, செங்காயா இருக்கறதைத் தொடவே வேண்டாம்), கீரை மசியல், தோலோட பாசிப்பயறு. உலர்திராட்சை 8, 10 எடுத்து ராத்திரி அரை டம்ளர் தண்ணியில ஊறப்போட்டு, காலையில அதே தண்ணியிலயே பிசைஞ்சு வடிகட்டிக் கொடுங்க. முழுசா கொடுத்தா தொண்டையில சிக்கும். மைதா பிஸ்கட், ரஸ்க் எல்லாம் கொஞ்ச நாளைக்கு அலமாரியிலயே இருக்கட்டும்.

வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு ரெண்டும் வேண்டாம். ஏற்கெனவே அங்க வெடிச்சிருந்தா இன்னும் கிழியும். அதைவிட, "அங்க கை வச்சா வலிக்கும்"ங்கற பயம் உறுதியாயிடும், அந்தப் பயம்தான் இப்ப உங்க எதிரியே. விளக்கெண்ணெயை வாய்வழியா கொடுக்கறதும் வேண்டாம். மாமியார்கிட்ட "டாக்டர் மருந்து எழுதியிருக்கார் அத்தே, ரெண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாதாம்"னு சொல்லிடுங்க, சண்டை வராது.

டாக்டரைக் கட்டாயம் பாருங்க. கறை படியற அளவுக்கு வந்தாச்சுன்னா சாப்பாடு மட்டும் போதாது. லாக்டுலோஸ் சிரப்போ பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரோ எடைக்குத் தக்கபடி எழுதுவாங்க.

பனங்கிழங்கு:

இவ்வளவு யோசிக்கணுமா? வீட்ல இருக்கற டயப்பரை எல்லாம் எடுத்து யாருக்காவது கொடுத்துடுங்க. "தீர்ந்துபோச்சு"ன்னு சொல்லிடுங்க. ரெண்டு நாள் அழுவான், மூணாவது நாள் சேருக்கு வந்துடுவான். உச்சாவுக்கு இப்படித்தானே எல்லாரும் பழக்கறோம்.

வேப்பம்பூ:

உச்சாவுக்குச் சரி பனங்கிழங்கு. உச்சாவை ரெண்டு நாள் அடக்க முடியாது, கக்காவை ஒரு வாரம்கூட அடக்குவாங்க. டயப்பரைப் பிடுங்கினா இந்தப் பையன் சேருக்கு வரமாட்டான், இன்னும் நல்லா அடக்கக் கத்துக்குவான். இப்போதைக்கு அவன் போறதுதான் முக்கியம், எங்க போறான்ங்கறது அப்புறம்.

மலம் பழுத்த வாழைப்பழம் மாதிரி இளகி, தினமும் இல்ல ஒருநாள் விட்டு ஒருநாள், வலியில்லாம ரெண்டு வாரம் போகட்டும். அதுக்கப்புறம் டயப்பரை மெல்ல நகர்த்துங்க:

1. கேட்டா உடனே டயப்பர் போடுங்க, ஆனா போறது பாத்ரூம்ல மட்டும். நின்னுக்கிட்டே போகட்டும், பரவாயில்ல.
2. டயப்பரோட சேர்ல உட்காரணும். சேர் மூடி மேல உட்கார்ந்தாலும் சரி.
3. மூடி திறந்த சேர்ல, டயப்பர் ஒட்டைத் தளர்த்தி.
4. டயப்பர் அடியில கத்தரியால வட்டமா ஒரு ஓட்டை. இடுப்புல டயப்பர் இருக்கு, கக்கா சேர்ல விழுது.
5. டயப்பரை விரிச்சு சேர் கிண்ணத்துக்குள்ள போட்டுடுங்க. அப்புறம் அதுவும் வேண்டாம்.

ஒவ்வொண்ணும் 3, 4 நாள். மறுத்தா ஒரு படி கீழே இறங்கிக்கலாம், தப்பில்ல. நாலாவது படிக்கான ஓட்டையை அவன் முன்னாடி வெட்டாதீங்க, முதல்நாளே நாலஞ்சு டயப்பரை வெட்டி வச்சுடுங்க. கத்தரியைப் பார்த்தாலே சில பிள்ளைங்க மிரண்டுடும்.

எப்ப உட்கார வைக்கறதுன்னா, சாப்பிட்டு 15லேர்ந்து 30 நிமிஷத்துக்குள்ள. வயிறு நிரம்பினதும் பெருங்குடல் தானா அசையும், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அது இன்னும் பலமா இருக்கும். 3லேர்ந்து 5 நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். போன் கையில கொடுத்தா அரைமணி உட்காருவான்தான், ஆனா உடம்பு சொல்றதைக் கவனிக்க மாட்டான். அதுக்குப் பதிலா ஒரு ஊதலோ சோப்பு நுரைக் குழலோ கொடுங்க. ஊதும்போது வயித்துத் தசை அழுத்தும், கீழே இறுக்கம் தளரும். முக்குன்னு சொல்லித் தர வேண்டியதே இல்ல.

"கக்கா வருதா?"ன்னு கேக்காதீங்க, "இல்ல"ன்னுதான் பதில் வரும். "சாப்பிட்டாச்சு, இப்ப சேர் நேரம்"னு சொல்லிடுங்க. ஸ்டிக்கர் கொடுத்தா உட்கார்ந்ததுக்குக் கொடுங்க, போனதுக்கு இல்ல. உட்காரறது அவன் கையில, வர்றது அவன் கையில இல்லையே.

மருதாணி:

நன்றி வேப்பம்பூ. கதவு, நுனிக்கால் அப்படியே எங்க வீட்டுக் காட்சி. மருந்து தொடர்ந்து கொடுத்தா பழகிடாதா? "மருந்து இல்லாம போகவே மாட்டான்"னு இங்க எல்லாரும் சொல்றாங்க.

வேப்பம்பூ:

நான் சொன்ன ரெண்டும் மலத்துல தண்ணியைப் பிடிச்சு வைக்கற மருந்துங்க, குடலைத் தூண்டிவிடறது இல்ல. பழகிடும்னு பயந்து நாலு நாள் நல்லா போனதும் நிறுத்தறதாலதான் திரும்பத் திரும்ப வருது. நாள்கணக்கா நிரம்பிக் கிடந்த மலக்குடல் விரிஞ்சுபோயிருக்கும், வர்றது தெரியற உணர்வே மந்தமா இருக்கும். அது சுருங்கி பழைய நிலைக்கு வர மாசக்கணக்காகும். டாக்டர் சொல்லித்தான் குறைக்கணும், அதுவும் படிப்படியா.

தாழம்பூ:

ஆம்பளைப் பிள்ளைங்களுக்கான சில விஷயம் விட்டுப்போச்சு.

நின்னுக்கிட்டு போறது இப்ப வேண்டவே வேண்டாம். நின்னு பழகினவனை உட்கார வைக்கறது கஷ்டம், இவனுக்கோ உட்காரறதுதான் இப்ப பாடம். உச்சா போக உட்காரும்போது தசை தளர்ந்து கக்காவும் சேர்ந்து வந்துடும், அந்த வாய்ப்பை ஏன் விடணும்? கக்கா சேர்ல ஒழுங்காகி ரெண்டு மூணு மாசம் போகட்டும், அப்பாவுக்கு அப்புறம் வேலை கொடுக்கலாம். முதல்ல பாத்ரூம் தண்ணி போற ஜல்லடையைக் குறிவச்சுப் பழக்கினா போதும், முடிச்சதும் ரெண்டு மக் தண்ணி. வெஸ்டர்ன் டாய்லெட் விளிம்பு ஏறக்குறைய 40 செ.மீ. உயரம் இருக்கும், அடியில 15 செ.மீ. பலகை இல்லாம எட்டாது. அப்போ மேல தூக்கின சீட் டப்புன்னு விழுந்து நசுக்கற ஆபத்து உண்டு, பையனுக்கு விழற உயரம் சரியா அங்கதான் வரும். ஒரு கையால சீட்டைப் பிடிச்சுக்கப் பழக்குங்க, இல்ல மெதுவா மூடற சீட் மாட்டுங்க.

உட்கார்ந்து போகும்போது முன்பக்கம் பீச்சியடிச்சா, பின்னாடி சாயறான்னு அர்த்தம். முழங்காலைக் கொஞ்சம் அகட்டி, முன்னால குனிஞ்சு, ஒரு விரலால குஞ்சைக் கீழ் நோக்கி அமுக்கிக்கச் சொல்லுங்க. சேர் முன்னால நீட்டிக்கிட்டிருக்கற தடுப்பு கழட்டற மாதிரி இருந்தா கழட்டிடுங்க. உட்காரும்போது அதுல ஒரு தடவை இடிச்சாப் போதும், அப்புறம் சேரையே வெறுத்துடுவான். பாதம் ரெண்டும் தரையில பதியணும், முழங்கால் இடுப்பைவிட ஒரு துளி மேல இருக்கணும். கால் தொங்கினா முக்க முடியாது.

கழுவறப்ப ஹெல்த் பாசெட் வேண்டாம். வெடிச்ச இடத்துல அந்த வேகம் பட்டா துடிச்சுடுவான். மக்ல வெதுவெதுப்பான தண்ணி, துணியால ஒத்தி எடுத்து, வெளியே மட்டும் லேசா தேங்காய் எண்ணெய். முன்தோலைப் பின்னால இழுத்துக் கழுவச் சொல்லி யாராவது வந்தா கேக்காதீங்க. இந்த வயசுல அது ஒட்டியிருக்கறதுதான் இயல்பு, இழுத்தா கிழிஞ்சு தழும்பாகி நிஜமாவே சுருங்கிடும். வெளியே தண்ணி ஊத்தினா போதும்.

ஜிப் வச்ச ட்ரவுசர், பட்டன், டங்கரி எதுவும் வேண்டாம். ஒரு சைஸ் பெரிய ஜட்டி 8, எலாஸ்டிக் ட்ரவுசர் 5. "சீ, நாத்தம்"ங்கற வார்த்தையை வீட்ல எல்லாரும் நிறுத்தணும், கதவுக்குப் பின்னாடி ஒளியறதுக்கு அதுவும் ஒரு காரணம். அவன் இறங்கி டாட்டா சொன்னப்புறம் ஃப்ளஷ் பண்ணுங்க, உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம்.

இன்னொண்ணு, பயிற்சிக்குச் சம்பந்தம் இல்லாத மாதிரி இருக்கும். தானா பாத்ரூம் போகப் பழகற பையன் தனியாவும் உள்ள போவான். வாளியில தண்ணி நிரப்பி வைக்காதீங்க. கவுத்து வையுங்க.

ராத்திரி டயப்பரை இப்பத் தொடாதீங்க. ராத்திரி நனைக்காம இருக்கறது பழக்கத்தால வர்றதில்ல, வளர்ச்சியால வர்றது. 5 வயசு வரைக்கும் நனைச்சாலும் அதை நோயா எடுத்துக்கறதில்ல.

திண்ணை:

டாக்டர்கிட்ட சீக்கிரம் ஓட வேண்டிய அறிகுறிகளையும் போட்டுடறேன்: மலத்துல ரத்தம் நிறைய, வயிறு உப்பி வாந்தி, உச்சா போகும்போது அழுகையோட காய்ச்சல், உச்சா நூல் மாதிரி மெல்லிசா வர்றது இல்ல எப்பவும் சொட்டறது, நல்லா பழகினவன் திடீர்னு நனைக்க ஆரம்பிச்சு கூடவே அடங்காத தாகம், எடை குறையறது (இது சர்க்கரையா இருக்கலாம், அன்னிக்கே பாக்கணும்). பிறந்து முதல் ரெண்டு நாள்ல கறுப்பு மலம் போகாத பிள்ளையா இருந்தா, அதையும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

ஊர்ல இந்தியன் டாய்லெட் பத்தி. குந்தி உட்காரறது கக்காவுக்கு நல்ல நிலைதான், மலக்குடல் மடிப்பு நேராகி சுலபமா இறங்கும். பயமே அந்தக் குழிதான். கால் வைக்கற மேடை பெரியவங்களுக்குப் போட்ட அளவு, இவன் கால் அவ்வளவு அகலாது. பாத்ரூம் தரையைத் துடைச்சுக் காயவச்சு, நாலு மடிப்பு பழைய பேப்பர் விரிச்சு, அது மேல குந்த வையுங்க. எதிர்ல நீங்களும் குந்தி உட்கார்ந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கோங்க. அப்புறம் பேப்பர்ல இருக்கறதை மட்டும் டாய்லெட்ல தட்டிவிட்டு, பேப்பரைக் குப்பையில போட்டுடலாம். கைக்குழந்தையை நீட்டின கால்மேல உட்கார வைக்கற மாதிரி இவனை வைக்காதீங்க, 13 கிலோ, உங்க கணுக்கால் தாங்காது. பயணம் வர்ற வாரத்துல புதுப் படி எதையும் ஆரம்பிக்காதீங்க, வீட்ல எந்தப் படியோ அதேதான். முடிஞ்சா சேரையும் தூக்கிக்கிட்டுப் போங்க, பஸ்ல எடுத்துட்டுப் போறதுல வெக்கமே இல்ல.

ப்ரீகேஜிக்கு: அங்க மிஸ்ஸுக்கு "உச்சா", "கக்கா" புரியும்னு நம்பாதீங்க. அவங்க என்ன வார்த்தை பழக்கியிருக்காங்கன்னு கேட்டு, ஒரு மாசம் முன்னாடியே வீட்லயும் அதையே சொல்லுங்க. ரெண்டு செட் மாத்துத் துணி, நனைஞ்சதைப் போட ஒரு பிளாஸ்டிக் கவர் பையில வையுங்க. கக்கா ஸ்கூல்ல போக வேண்டிய நிலைமையே வராம பாத்துக்கறது நல்லது, புது இடத்துல இந்தப் பிள்ளைங்க திரும்ப அடக்க ஆரம்பிச்சுடும். வேன் 8:30க்குன்னா இட்லி 7:30க்கே முடியணும், 7:50க்குச் சேர். அவசரமா உட்கார வச்சா வராது. காலையில வரலைன்னா விட்டுடுங்க, சாயங்காலம் வந்து பலகாரம் சாப்பிட்டதும் இன்னொரு தடவை.

ஜூனுக்குள்ள அஞ்சாவது படி வரலைன்னாலும் பதறாதீங்க. டயப்பர் சாயங்காலம் வீட்ல ஒரு தடவை போட்டா போதும், ஸ்கூல் நேரத்துல அவன் ஜட்டியோடதானே இருப்பான்.