புதுப்பிப்பு: ஓசிஐ அட்டை உள்ள பையன் இந்தியாவுக்காக பாஸ்கெட்பால் ஆட முடியுமா?

போன மாதம் கேட்டிருந்தேன். அக்கா பையன் நியூஜெர்சியில் பிறந்த அமெரிக்கக் குடிமகன், வயது 14; வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருக்கிறான். இப்போது அண்ணா நகரில் எங்களோடு இருக்கிறான். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"ஓசிஐ போதும்" என்று பலர் சொன்னது சரியில்லை. 2008-இல் மத்திய அரசு எடுத்த முடிவுப்படி இந்தியக் குடிமக்கள்தான் இந்தியாவுக்கு ஆடலாம்.

"முதலில் பையனின் வயதைப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் கை கொடுத்தது. 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்களில் ஓர் அணிக்கு ஒருவர்தான் என்பது ஃபிபா (சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பு) விதி. பூர்வீகம் எடுபடாது. அமெரிக்க பாஸ்கெட்பால் வீரர் ஜோர்டன் கிளார்க்சனுக்கு அம்மா வழியில் பிலிப்பைன்ஸ் வேர் உண்டு. ஆனாலும் 2023 உலகக் கோப்பையில் பிலிப்பைன்ஸ் அணியின் அந்த ஒற்றை இடத்தில்தான் ஆடினார்.

எதிர்பாராத விஷயம் எழும்பூர் வக்கீல் சொன்னது. ஓசிஐ வழியாகக் குடியுரிமை கேட்க 18 ஆக வேண்டும்; அதற்குள் ஃபிபா கதவு பாதி மூடிவிடும். ஆனால் அக்காவும் மாமாவும் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். இந்தியக் குடிமக்களின் மைனர் பிள்ளையாக, குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(டி) பிரிவில் இப்போதே விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் ஒன்றுதான்: இரட்டைக் குடியுரிமை இங்கே கிடையாது, அமெரிக்கக் குடியுரிமையை விட வேண்டும். பையனின் நீல அமெரிக்கப் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்துக்கொண்டு மாமா நேற்று ஒரு மணி நேரம் பேசவே இல்லை. பையன் பந்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.