மேடையில உளறினா ஓட்டு மாறுமா?

ஹட்டன்: ஜனாதிபதித் தேர்தல்ல ஒரு வேட்பாளர் உளறின கிளிப் லயம் லயமா வாட்ஸ்அப்ல சுத்துதே, அதால சனம் மனசு மாறுமா?

பண்டாரவளை: உளறலைவிட, அதைத் திரும்பத் திரும்பக் காட்டுறதுதான் வேலை செய்யும். 1976 அமெரிக்கத் தேர்தல் விவாதத்துல, அப்போ ஜனாதிபதியா இருந்த ஃபோர்ட், கிழக்கு ஐரோப்பாவுல சோவியத் ஆதிக்கமே இல்லைன்னாரு. உடனே கேட்டப்போ விவாதத்துல அவர்தான் ஜெயிச்சாருன்னு நிறையப் பேர் சொன்னாங்க. மறுநாள் செய்தியெல்லாம் அதே பேச்சு. அதுக்கப்புறம் எதிர் வேட்பாளர் கார்ட்டர் பக்கம் சாய்ஞ்சாங்க. ஏற்கெனவே இருக்கிற சந்தேகத்தோட பொருந்தினாத்தான் ஒட்டும். 2012ல அமெரிக்க வேட்பாளரான பணக்காரர் ரொம்னி, '47 சதவீதம்' பேர் அரசாங்கத்தையே நம்பி இருக்கிறவங்கன்னு பேசினது ஒட்டினது அதனாலதான்.

தலவாக்கலை: நம்ம இலங்கையில இன்னொரு கணக்கு இருக்கு, விருப்பு வாக்கு. 1 போட்டவருக்கு அடுத்துப் பிடிச்சவங்களுக்கு 2, 3ன்னு போடலாம். யாரும் பாதியைத் தாண்டலைன்னா, முதல் ரெண்டு பேரைத் தவிர மத்தவங்க சீட்டுல 2, 3 பார்ப்பாங்க. 2024ல முதல் தடவையா எண்ணினப்போ முதல் ரெண்டு இடத்துல இருந்தவங்கள்ல சஜித்துக்கு 167,867, அநுரவுக்கு 105,264 வாக்கு கூடுச்சு. சின்ன வேட்பாளரைக் கண்டபடி ஏசினா, அவர் ஆளுங்க உங்களுக்கு 2 போடுவாங்களா?

ஹட்டன்: அப்போ கிளிப்பை எப்படி நம்புறது?

பண்டாரவளை: சிங்களப் பேச்சுக்குத் தமிழ் வரி போட்டதுன்னா ரொம்பக் கவனம். முன்னாடி ரெண்டு நிமிஷம், பின்னாடி ரெண்டு நிமிஷம் முழு வீடியோவுல கேளுங்க. "சிலர் இப்படிச் சொல்றாங்க" என்ற முதல் வரியை வெட்டிட்டா, எதிராளி கருத்தே இவர் கருத்தாயிடும்.