1984 மாஸி 1035 டிராக்டருக்கு என்ன விலை சொல்வது? பெயிண்ட் அடித்து விற்பதா, அப்படியே விற்பதா?

பேராவூரணிப் பெண்:
வணக்கம். சித்தப்பா 1984ல் புதிதாக எடுத்த மாஸி 1035 வீட்டில் நிற்கிறது. இன்றுவரை ஒரே கை. 2018 நவம்பர் கஜா புயலில் கொட்டகை சரிந்து பானெட்டும் இடது மட்கார்டும் நசுங்கின. அப்புறம் வயலில் இறக்கவில்லை. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுவதோடு சரி. உள்ளூர்த் தரகர் 75 ஆயிரம் என்கிறார். தஞ்சாவூரிலிருந்து வந்த இன்னொருவர், "பெயிண்ட் அடித்து சீட் மாற்றி வையுங்கள், 2 லட்சத்துக்குத் தள்ளிவிடுகிறேன்" என்கிறார். ஆர்.சி. 2019ல் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. சித்தப்பாவுக்கு 78 வயது. "நீ விலை சொல்லாதே, வருகிறவன் சொல்லட்டும்" என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்யலாம்?

கொங்கு உழவன்:
யோசிக்காமல் பெயிண்ட் அடியுங்கள் தங்கச்சி. சந்தைக்கு மாடு ஓட்டுகிறவன்கூட கொம்பு சீவி, குளிப்பாட்டித்தானே ஓட்டிப்போகிறான்? நான் என் ஃபோர்டு 3600 டிராக்டரை விற்கும்போது முதலில் வந்தவர் 1.60 லட்சத்துக்கு மேல் ஏறவே இல்லை. டிங்கரிங், நீலப் பெயிண்ட், சீட், ஹெட்லைட் எல்லாம் சேர்த்து 22 ஆயிரம் செலவழித்தேன். அடுத்த மாதமே 2.10-க்குப் போனது.

மேலூர் மெக்கானிக்:
அண்ணே, அது ஃபோர்டு. அதற்கென்று தேடி அலைகிற கூட்டம் இருக்கிறது, பெயிண்ட் இல்லாமலே போயிருக்கும். நாற்பது வருட வண்டி புதுப் பெயிண்டில் பளபளவென்று நின்றால், வாங்க வருகிறவன் எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவான். நானாக இருந்தால் தேடுவேன். எங்கெங்கே ஆயில் கசிகிறது என்று பழைய அழுக்கே காட்டிக்கொடுக்கும். அதைக் கழுவிப் பெயிண்ட் அடித்துவிட்டால் எதை நம்பி விலை பேசுவது?

அக்கா, விலையை பானெட்டில் தேடாதீர்கள். மூன்று இடம் பாருங்கள். ஒன்று ஹைட்ராலிக். கொத்துக் கலப்பையை மாட்டித் தூக்கி எஞ்சினை அணையுங்கள். மெல்ல இறங்கினால் பரவாயில்லை, படாரென்று விழுந்தால் வேலை இருக்கிறது. அப்புறம் கியர் பாக்ஸ் ஆயில். டெல்டா வண்டி, கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டுச் சேற்றில் உழுதிருக்கும். அடி போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு டம்ளரில் பிடியுங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே குபுகுபுவென்று புகை வந்தால் லைனர், பிஸ்டன் தேய்ந்துவிட்டன. இந்த மூன்றும் நன்றாக இருந்தால் பெயிண்டே வேண்டாம், மட்கார்டை மட்டும் தட்டி நிமிர்த்துங்கள்.

கொங்கு உழவன்:
வாங்குகிறவர்கள் எல்லாம் உங்களைப் போல மெக்கானிக்கா தம்பி? பத்துப் பேரில் எட்டுப் பேர் கண்ணால்தான் வாங்குகிறார்கள். இன்னொன்று, நாற்பது வருடம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு வாங்கினால் ரிசார்ட்காரர்கள் வாசலில் நிறுத்தவே லட்சக்கணக்கில் கொடுப்பார்கள்.

பழைய ஆர்.சி.:
அந்த ஆசையைக் கிளப்பாதீர்கள். 2021ல் வந்த விண்டேஜ் விதி, பதிவாகி 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோக இருசக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும்தான். டிராக்டர் அதில் வராது. அப்படியே வந்தாலும் இந்த வண்டிக்கு இன்னும் வயது போதாது.

அம்மா, பேப்பருக்கு வருவோம். விவசாய டிராக்டருக்கு 15 வருடம், அப்புறம் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். உங்களுடையது 2019ல் நின்றிருக்கிறது. புதுப்பித்துவிட்டுப் படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றுங்கள். அதற்கு முன், ஆர்.சி. புத்தகத்தில் வங்கி அடமானக் குறிப்பு ஏதாவது இருக்கிறதா? அந்தக் காலத்தில் கடன் இல்லாமல் டிராக்டர் எடுத்தவர் குறைவு.

பேராவூரணிப் பெண்:
இப்போதுதான் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன் ஐயா. டி.என். வருவதற்கு முந்தைய நம்பர், அதற்குக் கீழே வங்கி முத்திரை! கடனை 1991லேயே கட்டி முடித்துவிட்டார். ரசீது இருக்கிறது. அந்த வங்கிக் கிளைதான் இப்போது இல்லை, வேறொரு கிளையோடு சேர்த்துவிட்டார்கள்.

பழைய ஆர்.சி.:
சேர்ந்த கிளைக்கு ரசீதோடு போங்கள். தடையில்லாச் சான்றும், படிவம் 35-ல் கையெழுத்தும் வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தால் குறிப்பை நீக்குவார்கள். நாலைந்து முறை அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலை வாங்குகிறவன் தலையில் கட்டினால், அவன் விலையில் முப்பதாயிரத்தைத் தயங்காமல் கழிப்பான்.

ஒரத்தநாட்டான்:
எல்லாரும் மேலே பார்க்கிறீர்கள், நான் கீழேயிருந்து கணக்குச் சொல்கிறேன். 1035-ன் எடை ஏறக்குறைய 1,700 கிலோ. பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலே 51 ஆயிரம். தரகர் ஓடுகிற வண்டிக்கு இரும்புக்கடை விலைக்கு மேல் 24 ஆயிரம்தான் போட்டிருக்கிறார். அந்த விலைக்குக் கொடுக்காதீர்கள்.

2 லட்சமும் நடக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. புதுசு விலை இறங்கினால் பழசும் இறங்கத்தான் செய்யும். டயர் வரியும் 18-லிருந்து 5 ஆனது, அது நமக்கு நல்லது. பின் டயர் பட்டன் தேய்ந்திருந்தால் ஜோடிக்கு நாற்பதாயிரம் என்று சொல்லிக் குறைத்தவர்கள் இனி அவ்வளவு சொல்ல முடியாது.

உங்கள் ஊரில் இதை யார் வாங்குவார்? நஞ்சை உழவுக்கு இப்போது பெரிய வண்டியும் ரொட்டவேட்டரும்தான் ஓடுகின்றன. இதைக் கேட்டு வருகிறவர் தென்னந்தோப்புக்காரராக இருப்பார். மட்டை இழுக்க, தண்ணீர் டேங்க் இழுக்க இந்தச் சின்ன வண்டி போதும். உதிரி பாகம் சந்துக் கடையிலும் கிடைக்கும். அவர் 1.20, 1.30 கொடுப்பார். பேப்பரெல்லாம் எதற்கு? தோப்புக்குள் ஓடுகிற வண்டியை ஆர்.டி.ஓ.வா வந்து பார்க்கப்போகிறார்?

பழைய ஆர்.சி.:
மற்றதெல்லாம் சரி, கடைசி வரி தப்பு. தோப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் ரோடு இருக்கிறதே. விற்ற பிறகு அங்கே ஒரு விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டு வழக்கு யார் பேரில் வரும்? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றமே 2018ல் சொல்லிவிட்டது. 78 வயதில் உங்கள் சித்தப்பா கோர்ட் படி ஏற வேண்டுமா?

ஒரத்தநாட்டான்:
சரி ஐயா, அதை நான் யோசிக்கவில்லை. விலையில் மட்டும் மாற்றமில்லை.

பேராவூரணிப் பெண்:
கியர் ஆயிலை டம்ளரில் பிடித்துப் பார்த்தோம். கறுப்பாக இருக்கிறது, டீ இல்லை! ஹைட்ராலிக் தூக்கிய கலப்பை அரை மணி நேரம் இறங்காமல் நின்றது. மூடியைத் திறந்தால் லேசாகப் புகை வருகிறது, பீடிப் புகை அளவுக்கு. பெயிண்ட் வேண்டாம் என்று முடிவு. மட்கார்டை நிமிர்த்தி, வங்கிக் கடிதம் வாங்கி, ஆர்.சி. புதுப்பித்த பிறகு 1.45 சொல்லலாம் என்றிருக்கிறேன், 1.30-க்குக் கீழே இல்லை.

கொங்கு உழவன்:
உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம். தண்ணீர் அடித்துக் கழுவவாவது செய்யுங்கள் தங்கச்சி.

மேலூர் மெக்கானிக்:
கழுவலாம், ஆனால் ஆள் வருகிற அன்று காலையில் ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள் அக்கா. நான் போனால் முதலில் எஞ்சின் பிளாக்கில்தான் கை வைப்பேன். சூடாக இருந்தால், ஆறிய எஞ்சின் லேசில் ஸ்டார்ட் ஆகாது, அதை மறைக்கிறார்கள் என்று நினைத்து விலையே கேட்காமல் திரும்பிவிடுவேன்.

பேராவூரணிப் பெண்:
நேற்று ஒரு தோப்புக்காரர் வந்தார். நீங்கள் சொன்ன மாதிரியே கை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. 1.15 கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணையிலிருந்து சித்தப்பா, "1.40" என்றார்.