பழைய காம்பேக்ட் போயிடுச்சு, நடுகல் எடுக்க எந்த கேமரா வாங்கலாம்?

பாலக்கோட்டான்:
காலேஜ்ல வாங்குன சின்ன கேமரா, லென்ஸ் பாதி வெளிய வந்து நின்னுக்குது, பார்ட்ஸ் கிடைக்காதுன்னுட்டாங்க. லீவுன்னா பைக் எடுத்துட்டு பென்னாகரம், அரூர் பக்கம் நடுகல் பாக்கப் போவேன், முக்கால்வாசி கல்லு புளியமரத்தடியில தான் இருக்கும், வட்டெழுத்து தேஞ்சு போயிருக்கும், போன்ல எடுத்து பெருசு பண்ணா ஒண்ணும் தெரியல. பட்ஜெட் அம்பதாயிரம், கொஞ்சம் ஏறினாலும் பரவால்ல. கடையில 40எக்ஸ் ஜூம் எடுத்துக்கங்கன்றாங்க, எடுக்கலாமா?

ஓசூர்வாசி:
கல்லுகிட்டயே போய் நிக்கப்போறீங்க, ஜூம் எதுக்குங்க. அந்த ஜூம் காம்பேக்ட்ல பெரும்பாலும் 1/2.3 இன்ச் சென்சார் (வெளிச்சத்த வாங்கிப் படமாக்குற சில்லு) தான், 1 இன்ச் சென்சார் பரப்பளவுல அதுக்கு நாலு மடங்கு, மரத்தடி வெளிச்சத்துல வித்தியாசம் நல்லாவே தெரியும். சோனி ஆர்எக்ஸ்100 வரிசை, கேனான் ஜி7எக்ஸ் மார்க் 3 பாருங்க, ரா ஃபைலும் (கேமரா சுருக்காத முழுப் பதிவு, அப்புறமா கம்ப்யூட்டர்ல திருத்தலாம்) வரும். செகண்ட் ஹேண்ட்னா எஃப்11 வச்சு, அதாவது லென்ஸ் துவாரத்த சின்னதாக்கி, வெறும் வானத்த ஒரு படம் எடுத்துப் பாருங்க, உள்ள தூசி இருந்தா புள்ளி புள்ளியா காட்டிக்குடுத்துடும்.

காவேரிப்பட்டணம்:
நான் மிரர்லெஸ்னு சொல்வேன், லென்ஸ் கழட்டி மாத்தற மாதிரி கேமரா. கேனான் ஆர்50 பாடி 375 கிராம் தான், சென்சார் 1 இன்ச்ச விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. ஆனா எந்த கேமரா வாங்கினாலும் நேரா ஃபிளாஷ் அடிக்காதீங்க தம்பி, மேடு பள்ளம் எல்லாம் ஒண்ணாயிடும், நிழல் விழுந்தா தான் எழுத்தே தெரியும். காலையில வெயில் சாஞ்சு விழறப்ப போங்க, இல்லன்னா ட்ரைபாட் போட்டுட்டு டார்ச்ச கல்லை ஒட்டி சாய்ச்சுப் புடிச்சு நாலு பக்கமும் மாத்தி மாத்தி எடுங்க, ஒரு பக்கம் தெரியாத கோடு இன்னொரு பக்கம் தெரியும். எழுத்து தெரியணும்னு சில பேரு மாவு, சாக்பீஸ் தேய்ப்பாங்க, தயவுசெஞ்சு அது மட்டும் வேண்டாம், கல்லு கெட்டுப்போகும்.

பாலக்கோட்டான்:
ரொம்ப நன்றிண்ணா. இன்னொரு சந்தேகம், எங்க பக்கம் சாமியா கும்புடற கல்லு நிறைய, எண்ணெய் பூசிப் பூசி பளபளன்னு இருக்கும், டார்ச் அடிச்சா வெள்ளையா கண்ணு கூசுது, அதுக்கு என்ன பண்றது?

காவேரிப்பட்டணம்:
லென்ஸ் முன்னாடி போலரைசர் ஃபில்டர் (மினுக்கத்த குறைக்குற கண்ணாடி) போட்டு மெதுவா திருப்புங்க, எண்ணெய் மினுக்கம் பாதிக்கு மேல அடங்கிடும். ஆர்50 கூட வர்ற 18-45 லென்ஸ்ல 49 மிமீ ஃபில்டர் நேரா மாட்டலாம்.

ஓசூர்வாசி:
ஆமாங்க, ஆர்எக்ஸ்100ல ஃபில்டர் மாட்ட மரையே கிடையாது, தனியா அடாப்டர் ஒட்டணும். எண்ணெய்க் கல்லு நிறைய இருக்குன்னா அவர் சொல்றதே சரி, மிரர்லெஸ்ஸே எடுங்க.