சேசு சபைப் பல்கலைக்கழக வேலை: ‘மிஷன்’ பக்கத்தில் என்ன எழுதுவது?

கேள்வி
சேசு சபையினர் (ஜெசூட் என்ற கத்தோலிக்கத் துறவியர்) நடத்தும் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி அறிவியல் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள்தான். எல்லாம் தயார். ஆனால், ‘எங்கள் மிஷனுக்கு உங்கள் பங்களிப்பு என்ன?’ என்று தனியாக ஒரு பக்கம் கேட்கிறார்கள். மிஷன் என்றால் நிறுவனத்தின் நோக்கம். நான் கிறிஸ்தவர் இல்லை. அது தடையாகுமா? பிஎச்டி ஆய்வேடு கொடுத்துவிட்டேன், வைவா (வாய்மொழித் தேர்வு) முடியவில்லை. விண்ணப்பிக்கலாமா?

பதில் 1
வைவா விஷயத்துக்கு விளம்பரத்தைத் திரும்பப் படியுங்கள். ‘பணியில் சேரும் நாளுக்குள் பட்டம்’ என்றிருந்தால் தாராளமாகப் போடலாம். எப்போது முடியும் என்று வழிகாட்டியிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள். ‘விண்ணப்பிக்கும்போதே பட்டம்’ என்றிருந்தால் அலுவலகத்தில் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

பதில் 2
நானும் கிறிஸ்தவர் இல்லை. இப்படி ஒரு இடத்தில் பல வருடமாகப் பாடம் எடுக்கிறேன், தேர்வுக் குழுவிலும் இருந்திருக்கிறேன். கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990இல் தந்த விதிகளே மற்றவர்களும் ஆசிரியராக இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. அவர்களிடம் எதிர்பார்ப்பது நிறுவனத்தின் கத்தோலிக்க அடையாளத்தை அறிந்து மதிப்பது. திருச்சபையின் தனி அனுமதி வேண்டும் என்பது கத்தோலிக்க இறையியல் கற்பிப்பவர்களுக்கு. ஆனாலும் சில பதவிகளுக்கு விளம்பரத்திலேயே நிபந்தனை இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்தில் பக்தி காட்ட வேண்டாம். மாணவரை முழு மனிதராகப் பார்த்து அக்கறை காட்டுவதை அவர்கள் லத்தீனில் ‘கூரா பெர்சொனாலிஸ்’ என்பார்கள். அப்போதைய சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே 1973இல் முன்னாள் மாணவர்களிடம் பேசியபோது, பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே கல்வியின் நோக்கம் என்றார். 2019இல் சபை அறிவித்த நான்கு முன்னுரிமைகளில் ஒதுக்கப்பட்டவர்களோடு நடப்பதும் இளைஞருக்குத் துணைநிற்பதும் பூமியைப் பேணுவதும் உண்டு. இவற்றில் எது உங்கள் வகுப்பில் ஏற்கெனவே நடக்கிறது? அதை எழுதுங்கள்.

கேட்டவர்
நன்றி அக்கா. இப்படித் தொடங்கியிருக்கிறேன்: ‘சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் உயரிய விழுமியங்களால் ஈர்க்கப்பட்டு, கூரா பெர்சொனாலிஸ் நெறியைப் பின்பற்றும் நான்...’

பதில் 2
இதை எடுத்துவிடு தம்பி. பெயரை மாற்றினால் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். குழுவில் உட்கார்ந்து இதே வரியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், எழுதியவர் யாரும் நினைவில் இல்லை. லேபில் நீ யாருக்காவது உதவிய சம்பவம் இல்லையா?

கேட்டவர்
இருக்கிறது. ஒரு பையன் புரோகிராமிங் லேபில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தான். விசாரித்தால் அவனிடம் கணினியே கிடையாது, லேப் நேரம் மட்டும்தான். மாலையில் லேபைத் திறந்துவைக்க அனுமதி வாங்கினேன். அப்புறம் அவனைப் போல இன்னும் ஆறு பேர் வந்தார்கள்.

பதில் 2
இதுதான் உன் முதல் பத்தி. ஏன் அனுமதி கேட்கத் தோன்றியது, அதனால் உன் பாடத்திட்டத்தில் எதை மாற்றினாய் என்று அடுத்த பத்தியில் சொல். லத்தீன் சொல் ஒன்றுகூட வேண்டாம்.

கேட்டவர்
சரி அக்கா, இன்று இரவே திருத்தி எழுதுகிறேன். வைவா பற்றி விளம்பரத்தில் ‘சேரும் நாளுக்குள்’ என்றுதான் இருக்கிறது. வழிகாட்டியிடம் கடிதம் கேட்டுவிட்டேன்.