கீசர் ஆனோடு ராடு: மாற்றித்தான் ஆகணுமா?

செல்வா_மேடவாக்கம்:
25 லிட்டர் கீசர், போர் தண்ணீர். சர்வீசுக்கு வந்தவர், டேங்குக்குள் இருக்கும் ஆனோடு ராடு (மக்னீசியம் ராடு) மாற்றணும் என்கிறார். வெந்நீர் நன்றாகத்தான் வருகிறது. அவசியமா?

கோவை_ரகு:
தேவையே இல்லை. எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீர். ராடைத் தொட்டதே கிடையாது, டேங்க் நன்றாக இருக்கிறது. சும்மா இருப்பதைக் கழற்றினால் கேஸ்கெட் போய் ஒழுக ஆரம்பிக்கும்.

மீனா_மெக்கானிக்கல்:
ரகு சார், சிறுவாணியை வைத்து மேடவாக்கத்துக்குத் தீர்ப்பு சொல்லாதீர்கள். டேங்க் இரும்பு, உள்ளே கண்ணாடிப் பூச்சு. பூச்சில் மயிரிழை விரிசல் விட்டால் அங்கே இரும்பு அரிக்கும். அதற்கு முந்திக்கொண்டு கரைவதற்குத்தான் மக்னீசியம் ராடு. 1824-லேயே ஆங்கிலேய விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி கப்பலின் செம்புத் தகட்டைக் காக்க இந்த வழியைச் சொல்லிவிட்டார். உப்புத் தண்ணீரில் ராடு சீக்கிரம் தீரும். வெந்நீர் வருகிறதே என்று இருக்காதீர்கள், சூடாக்குவது ஹீட்டிங் காயில் (coil) தான். ராடு முழுக்கக் கரைந்தாலும் வெந்நீர் வரும். டேங்க் ஓட்டையானால் கீசரையே மாற்ற வேண்டியதுதான்.

கோவை_ரகு:
தண்ணீர் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போகிற வீட்டில் எல்லாம் ராடு போச்சு என்று பணம் பறிக்கிறார்களே? 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் பலவற்றில் ராடே கிடையாது. அதற்கும் சொல்கிறார்கள்!

மீனா_மெக்கானிக்கல்:
அந்தக் கோபம் நியாயம் சார். அதனால்தான் செல்வா, கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ராடுக்கு நடுவில் இருக்கும் கம்பி வெளியே தெரிந்தால் மாற்றுங்கள். தடிமனாக இருந்தால் மேல் படிவைச் சுரண்டிவிட்டு அதையே மாட்டச் சொல்லுங்கள்.

செல்வா_மேடவாக்கம்:
இன்று கழற்றினார். அடியில் கொஞ்சம் மக்னீசியம், அதுவும் பொத்தல் பொத்தலாக. நுனிப் பக்கம் வெறும் கம்பி. காயில் மேல் சுண்ணாம்பு ஓடு ஓடாக உதிர்ந்தது. புது ராடு வாங்கியாச்சு.

மீனா_மெக்கானிக்கல்:
கேஸ்கெட்டும் புதிதாகப் போடுங்கள். மாட்டிய பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் சீராக வரும்வரை சுவிட்சைப் போடாதீர்கள். காலி டேங்கில் போட்டால் காயில் கருகிவிடும்.

கோவை_ரகு:
செல்வாவுக்கு மாற்றுவது சரி. எங்கள் ஊருக்கும் வருஷா வருஷம் மாற்று என்றால் ஏற்க மாட்டேன்.

மீனா_மெக்கானிக்கல்:
மாற்றச் சொல்லவில்லை சார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.